தங்கவயலில் ஒரு மீன்தொட்டி

நம் சங்கத்தைச் சேர்ந்த குடும்பங்களுள், 'உங்கள் சொந்த ஊர் எது?' என்று கேட்டால், 'கோலார் தங்கவயல்' என்று விடை கூறுபவை சில உண்டு. என் குடும்பம் அவற்றுள் ஒன்று. சென்ற தைத் திங்களில் மூன்று வார விடுமுறை பெற்று அவ்வூருக்குச் சென்று வந்தேன். பொன் விளைந்த ஊருக்குச் சென்றவன் பொன்னைப் பற்றி எழுதாமல் ஒரு மீன்தொட்டியைப் பற்றி எழுதுகிறானே என்று அன்பர்கள் நகைக்கலாம். முழுவதையும் படித்த பின்னர், நகைப்பதா வேண்டாவா என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

மாலை வண்டி

பெங்களூரிலிருந்து மாரிக்குப்பம் செல்லும் மாலை வண்டியில் ஏறினேன். மூவர் அமரும் பலகையில் ஐவர் அமர்ந்திருந்தனர். நிற்பதற்கும் இடம் இல்லை. விடியற்காலையில் வீட்டை விட்டுப் புறப்பட்டு, தலைநகரின் தொழிற்சாலைகளிலும் கடைகளிலும் அலுவலகங்களிலும் பகலெல்லாம் உழைத்து, இரவில் வீடு திரும்பும் மக்கள் அவர்கள். உறக்கமும் உரையாடலும் உணவும் அவர்களுக்கு அந்த வண்டியிலேயே நடைபெறுகின்றன. என் பெட்டியைக் கண்ட முதியவர் ஒருவர் சிறிது நகர்ந்து இடம் தந்து, "உங்களுக்கு எந்த லைன்?" என்று கேட்டார். தெருவையும் எண்ணையும் கேட்பது மற்ற ஊர்களின் வழக்கம். தங்கவயலிலோ, எந்தச் சுரங்கத்தின் எந்தத் தொழிலாளர் வரிசை என்று கேட்பதே வழக்கம். இருபது ஆண்டுகளாக அந்தக் கேள்வியை நான் கேட்டதில்லை. விடை சொல்லும்போது என் குரல் சிறிது தழுதழுத்தது.

பங்காரப்பேட்டையில் வண்டி தன் பாதையை மாற்றிக்கொண்டு கிளைவழியில் செல்கிறது. கோரமண்டல், உரிகம், சாம்பியன் என்னும் நிலையங்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. இருளத் தொடங்கிய வானத்தில் வெளுத்த குன்றுகள் சில தெரிந்தன. அவை இயற்கை படைத்த குன்றுகள் அல்ல. பாறையை மாவாக அரைத்து, சயனைடு கலந்த நீரில் பொன்னைக் கரைத்து எடுத்த பிறகு எஞ்சிய சக்கையைக் கொட்டிக் கொட்டி உண்டானவை. மூன்று கோடி டன்னுக்கும் மேற்பட்ட சக்கை அவ்வாறு குவிந்து கிடக்கிறது. 'சைனைட் மலை' என்று ஊரார் கூறுவர். புற்கூட எளிதில் முளைக்காத மலை அது. காற்றடிக்கும் காலத்தில் அதன் தூசு வீடுதோறும் விருந்தாளியாக வந்துவிடும்.

1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே காலூன்றினர். வடஆர்க்காடு, சேலம், தருமபுரி, சித்தூர்ப் பகுதிகளிலிருந்து நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் வந்து, மூங்கில் தட்டிகளால் அமைந்த சிறு வீடுகளில் குடியேறினர். 1902-ஆம் ஆண்டில் ஏறக்குறைய 90 மைலுக்கு அப்பாலுள்ள சிவசமுத்திரத்திலிருந்து சுரங்கங்களுக்கு மின்சாரம் வந்து சேர்ந்தது. 1956-இல் சுரங்கங்கள் மைசூர் அரசின் உடைமையாயின. பின்னர் இந்திய அரசின் கைக்கு மாறின. நிலத்துக்குக் கீழே 10,000 அடிக்கும் மேற்பட்ட ஆழம் வரை நம் முன்னோர் இறங்கினார்கள். எடுத்த பொன் ஏறக்குறைய 800 டன். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. நீரை இறைத்து வெளியேற்றிய பொறிகள் நின்றதும் ஆழத்து வழிகளெல்லாம் வெள்ளத்தில் மூழ்கின.

அக்காளின் வேண்டுகோள்

என் அக்காளின் கணவர் அச்சுரங்கத்தில் நிலத்தடியில் வேலை செய்தவர். பாறைத் தூசு அவர் நெஞ்சில் தங்கிவிட்டது. பத்து அடி நடந்தால் இளைப்பு வருகிறது. இரவில் சாய்ந்தபடியேதான் உறங்குகிறார். அவர்களுக்கு ஒரே மகன். அவன் நான்கு ஆண்டுகளாக அந்த வண்டியிலேயே பெங்களூருக்குச் சென்று வந்தவன். தந்தையின் நிலையைக் கண்டு, வீட்டிலிருந்தே ஏதேனும் தொழில் செய்யவேண்டும் என்று எண்ணினான். வீட்டுக்குப் பின்னால் சிறிது இடம் உண்டு. ஆனால் அந்த மண்ணில் மலைத் தூசு படிந்திருக்கிறது. அதில் விளைந்த கீரையை யார் நம்பி வாங்குவார்? ஆகவே மண்ணே இல்லாமல் கீரை வளர்க்கும் முறையொன்றைக் கற்றுக்கொண்டு வந்தான்.

அம்முறையில் ஒரு தொட்டியில் மீன் வளரும். அதன் அருகே உயர்ந்த படுகை ஒன்றில் சரளைக்கல்லை நிரப்பி, கீரையும் தக்காளியும் நடுவார்கள். மீன்தொட்டியின் நீர் படுகைக்கு ஏறும். கல்லின் ஊடே வடிந்து மீண்டும் தொட்டிக்கே வந்து சேரும். மீனின் கழிவு செடிக்கு உரமாகும். நீர் மீனுக்குத் தூயதாகும். அமெரிக்க வர்ஜின் தீவுகளின் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ரகோசி என்பார் 1980 முதல் பல்லாண்டுகள் உழைத்து இதை ஒழுங்கான ஒரு தொழிலாக்கினார். ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் சிறு குடும்பங்களுக்கென்றே 2014-இல் ஒரு விளக்க நூல் வெளியிட்டது. என் மருமகன் அதைப் படித்திருந்தான். ஆனால் அவசரமாகப் படித்திருந்தான்.

ஆயிரம் லிட்டர்த் தொட்டி வாங்கினான், படுகை கட்டினான், நீர் நிரப்பிய அன்றே 60 கெண்டைக் குஞ்சுகளை விட்டான். மூன்றாவது வாரம் முடிவதற்குள் 60-உம் இறந்தன. நான் சென்றபோது பொறி நின்றிருந்தது. கீரை நாற்றுகள் காய்ந்திருந்தன. தொட்டியில் பழைய நீர் அப்படியே கிடந்தது. அவன் மறுபடியும் காலை வண்டிக்குச் செல்லத் தொடங்கியிருந்தான்.

அக்கம்பக்கத்தார் ஒரே தீர்ப்பு வழங்கினர்: "சைனைட் வேலைதான்! இந்த ஊர்த் தண்ணீரில் மீனாவது பிழைப்பதாவது!" அத்தானும் அதையே நம்பினார். அக்காள் ஒரு நாள் அடுப்பங்கரையில் என்னைத் தனியே அழைத்துச் சொன்னாள்: "தம்பி, இவனை உன்னோடு அழைத்துக்கொண்டு போய்விடு. உன் கம்பெனியிலே ஒரு வேலை கேள். இந்த மண்ணில் இனி ஒன்றும் பிழைக்காது. மீன் கூடப் பிழைக்கவில்லை, பார்த்தாய் அல்லவா?"

கேட்கிறேன் என்றேன். ஆனால் ஒன்றைப் பார்க்காமல் அவள் சொன்னதற்கு உடன்பட என் மனம் ஒப்பவில்லை.

என் தொழிலைப் பற்றிச் சிறிது

இவ்விடத்தில் என் தொழிலைச் சொல்லவேண்டும். சங்கத்துக் கூட்டங்களில், 'நீர்த் துறையில் வேலை' என்று மட்டும் கூறி நிறுத்திக்கொள்வது என் வழக்கம். உண்மையில் நான் நகரத்துச் சாக்கடை நீரைத் தூய்மை செய்யும் நிலையத்தில் வேலை பார்ப்பவன். அங்கே நாங்கள் செய்வது மிகச் சிறிது. வேலை முழுவதையும் செய்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். அவற்றுக்குக் காற்றும் இடமும் குறையாமல் பார்த்துக்கொள்ளும் வேலைக்காரர்களே நாங்கள்.

மீன்தொட்டியும் அத்தகைய நிலையமே, அளவுதான் சிறிது. மீன் தன் செவுள் வழியே அம்மோனியாவை நீரில் விடுகிறது. மிஞ்சிய தீனி அழுகினாலும் அம்மோனியாவே உண்டாகிறது. அது மீனுக்கு நஞ்சு. ஒரு வகை நுண்ணுயிர் அதை நைட்ரைட்டாக மாற்றுகிறது. நைட்ரைட்டும் நஞ்சுதான், மீனின் குருதியைப் பழுப்பாக்கி, பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுத்துவிடும். இரண்டாம் வகை நுண்ணுயிர் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட்டு மீனுக்கு அவ்வளவாகத் தீங்கு செய்யாது. செடிக்கோ அது நல்ல உணவு. முதல் வகைக்கு நைட்ரோசோமோனாஸ் என்றும், இரண்டாம் வகையுள் முதன்மையானதற்கு நைட்ரோஸ்பைரா என்றும் பெயர். இரண்டு வேலையையும் தானே செய்து முடிக்கும் நைட்ரோஸ்பைராவும் உண்டு என்பது 2015-இல் தெரியவந்தது.

இது உயிர்களின் வேலை என்பதை முதலில் மெய்ப்பித்தவர்கள் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்னும் இரு பிரெஞ்சு அறிஞர்கள். 1877-இல் அவர்கள் மணலும் சுண்ணாம்புக் கல்லும் நிரப்பிய ஒரு நீண்ட குழாயின் வழியே சாக்கடை நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டனர். ஏறக்குறைய இருபது நாள் ஒன்றும் நிகழவில்லை. அதன் பிறகு அம்மோனியா நைட்ரேட்டாக மாறி வெளிவந்தது. குளோரோபாரம் ஆவியைச் செலுத்தினார்கள், மாற்றம் நின்றுவிட்டது. ஆவி நீங்கிய பின்னர்த் தோட்டத்து மண்ணைக் கழுவிய நீரைச் சிறிது ஊற்றினார்கள். மாற்றம் மீண்டும் தொடங்கிற்று. வெறும் இரசாயன வினையாக இருந்தால் முதலில் இருபது நாள் காத்திருக்கவேண்டிய தேவை என்ன? குளோரோபாரம் கண்டு அது மயங்குவானேன்? 1890-ஆம் ஆண்டையொட்டி வினோகிராட்ஸ்கி என்னும் உருசிய அறிஞர் அந்த நுண்ணுயிர்களைத் தனியே பிரித்தும் காட்டினார்.

அந்த இருபது நாளில்தான் என் மருமகனின் 60 மீன்களும் மடிந்தன. பாலைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர் போன்றவை சிலமணி நேரத்தில் பெருகிவிடும். இவை அப்படியல்ல, இவற்றின் தொகை ஒரு மடங்கு இரு மடங்காவதற்கே ஒரு நாள் அளவில் ஆகும். புதுத் தொட்டியில் இவை நிலைகொள்ள நான்கு வாரம் முதல் ஆறு வாரம் வரை வேண்டும். குளிர்காலமானால் இன்னும் கூடும். தங்கவயல் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 2,800 அடி உயரத்தில் உள்ள ஊர். அங்கே மார்கழி இரவின் குளிர் எத்தகையது என்பதை அவ்வூரில் பிறந்தவர் அறிவர்.

பழி யாருடையது?

தொலைபேசியில் மீன் இறந்த செய்தியை முன்பே கேட்டிருந்தேன் ஆதலால், நீரைச் சோதிக்கும் சிறு மருந்துப் புட்டிகளை உடன் கொண்டு சென்றிருந்தேன். மீன்தொட்டி வைப்போருக்காகக் கடைகளில் விற்பவை அவை. தொட்டியில் கிடந்த பழைய நீரை ஒரு சிறு குப்பியில் எடுத்து, சொட்டு மருந்து விட்டேன். மஞ்சளாக இருக்கவேண்டிய நீர் கரும்பச்சையாக மாறிற்று. அட்டையிலுள்ள கடைசி அளவையும் கடந்த அம்மோனியா அதில் இருந்தது. நைட்ரைட்டு என்பது அறவே இல்லை. அதாவது, முதல் வகை நுண்ணுயிர் கூட அத்தொட்டியில் குடியேறவில்லை.

ராபர்ட்சன்பேட்டையில் வண்ண மீன் விற்கும் கடைக்காரரிடம் சென்றோம். அவர் கடைக்கும் வீட்டுக்கும் வருவது ஒரே குழாய் நீர். அவர் மீன்கள் துள்ளி விளையாடிக்கொண்டிருந்தன. நீரைச் சைனைட் கெடுத்தது என்பது உண்மையானால், அங்கும் கெடுத்திருக்கவேண்டும் அல்லவா? மருமகன் முகத்தில் முதன்முறையாகத் தெளிவு வந்தது.

ஆனால் ஒரு ஐயம் எஞ்சிற்று. மூன்று வாரத்தில் முதல் வகை நுண்ணுயிர் ஓரளவேனும் தலைகாட்டியிருக்கவேண்டும்; அடியோடு இல்லாமற் போனது ஏன்? "படுகைக் கல்லை யாராவது கழுவினீர்களா?" என்று கேட்டேன். மருமகன் வாய் திறக்கவில்லை. அவன் தரையையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டதும் எனக்குப் புரிந்துவிட்டது. அதற்குள் அக்காளே வாயிற்படியிலிருந்து சொன்னாள்: "நான்தான் கழுவினேன். கல்லெல்லாம் வழுவழு என்று பாசி பிடித்தாற்போல இருந்தது. மூன்று நாளைக்கு ஒரு தரம் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசித்தான் போட்டேன்."

அந்த வழுவழுப்புத்தான் நாங்கள் வளர்க்க வேண்டிய பயிர். நுண்ணுயிர்கள் நீரில் மிதந்து வாழ்வதைக் காட்டிலும் கல்லின் மேல் ஏடுபோலப் படிந்து வாழ்வதையே விரும்புகின்றன. சரளைக்கல் நிரப்புவதே அவற்றுக்குப் பரந்த இடம் தருவதற்காகத்தான். பிளீச்சிங் பவுடரோ அவற்றைப் பூண்டோடு அழித்துவிடும். அதன் எச்சம் மீனுக்கும் ஆகாது.

என் அக்காள் ஏன் கழுவினாள் என்பதை அவ்வூராருக்கு நான் விளக்கவேண்டியதில்லை, உங்களுக்கு விளக்கவேண்டும். விடிந்ததும் ஈரத்துணியால் பலகணியையும் பாத்திரத்தையும் படுக்கையையும் துடைப்பது அங்குள்ள பெண்களின் முதல் வேலை. நெஞ்சு நொந்த கணவர் உள்ள வீட்டில் மலைத் தூசு ஓர் இழை கூடத் தங்கக்கூடாது என்று முப்பது ஆண்டுகளாகத் துடைத்துப் பழகிய கை அவளுடையது. சைனைட் தூசுக்கு அஞ்சிய அந்தக் கை செய்த காரியத்துக்கே ஊரார் சைனைட் மீது பழி போட்டனர்.

மகன் இதை முன்பே ஊகித்திருக்கிறான். தாயின் மனம் நோகும் என்று எவரிடமும் சொல்லவில்லை. சைனைட் என்று ஊரார் சொன்னதை மறுக்காமல் மீண்டும் வண்டியேறிவிட்டான். அக்காள் அன்று இரவு உண்ணவில்லை. நான் அவளிடம் உண்மையையே சொன்னேன்: "நீ கழுவாமல் இருந்திருந்தாலும் அந்த 60 மீனில் பெரும்பாலானவை இறந்துதான் இருக்கும். வீடு கட்டி முடியுமுன் விருந்தழைத்தது அவன் பிழை. உன் பங்கு இரண்டாவதுதான்." அவள் சிறிது நேரம் பேசாதிருந்து, "சரி, இப்போது என்ன செய்யவேண்டும், சொல்" என்றாள்.

வெறும் தொட்டிக்குத் தீனி

மறுநாள் தொட்டியைக் காலி செய்து நீர் நிரப்பினோம். குழாய் நீரில் நுண்ணுயிர்களைக் கொல்லும் குளோரின் இருக்கும் ஆதலால், இரண்டு நாள் திறந்து வைத்துக் காற்றுக்குழாய் விட்டோம். சுரங்கத்துக் கழிவுக்கல் காசில்லாமல் கிடைக்கிறதே என்று ஒருவர் யோசனை கூறினார். அந்தக் கல்லில் கந்தகமும் ஆர்செனிக்கும் இருக்கக்கூடும். உணவு விளையும் படுகைக்கு அது ஆகாது. மருமகன் முன்பே வெளியூர்க் கல்லுடைப்பிலிருந்து சரளை வாங்கியிருந்தது அவன் அறிவுடைமை. படுகையின் மேல் வெயில் படாமல் கித்தான் விரித்தோம். இந்நுண்ணுயிர்களுக்குக் கடும் வெயில் பகை.

இம்முறை மீனே விடவில்லை. மீன்தீனி ஒரு பிடியைத் துணியில் முடிந்து நீரில் தொங்கவிட்டோம். அது அழுகி அம்மோனியா தரும். மீன் ஒன்றும் சாகாது. நாற்றத்தைப் பொறுக்காத அக்காள் அந்த நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டாள். வண்ண மீன் கடைக்காரர், நோய் காணாத தம் பழைய தொட்டியிலிருந்து ஒரு பஞ்சு வடிகட்டியைக் கொடுத்தார். அதைப் படுகை நீரிலேயே பிழிந்தோம். பாலுக்குப் புரை ஊற்றுவதைப் போன்றதே அது. பணம் கொடுக்கப் போனபோது, "அழுக்குக்கு யாராவது காசு வாங்குவார்களா?" என்று சிரித்தார்.

காற்றோட்டம் மிகவும் இன்றியமையாதது. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்றுவதற்கு நாலரைக் கிராமுக்கு மேல் பிராணவாயு செலவாகிறது. நீரின் காரத்தன்மையும் ஏறக்குறைய ஏழு கிராம் சுண்ணாம்புக்கல் அளவு குறைகிறது. கோலார்ச் சீமையின் கடின நீர் துணி துவைக்க உதவாது; ஆனால் இந்த வேலைக்கு அது நல்லது. மின்சாரம் தடைப்பட்டால் காற்றுக்குழாய் நிற்கக்கூடாது என்று ஒரு சிறு மின்கலம் வாங்கி வைத்தோம்.

நாள்தோறும் மாலையில் சோதனை செய்யும் பொறுப்பை அக்காள் ஏற்றுக்கொண்டாள். குப்பியில் சொட்டு விட்டு, நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு, அடுப்பங்கரை நாட்காட்டியில் எழுதுவாள். ஐந்தாம் நாள் அம்மோனியா லிட்டருக்கு 4 மில்லிகிராம். பத்தாம் நாளும் 4. பதினாறாம் நாள் 2. அன்றே நைட்ரைட்டுக் குப்பியில் இலேசான ஊதா நிறம். படுகையைக் கழுவாதிருப்பதுதான் அவளுக்குப் பெரிய தவம். ஒரு நாள் காலையில் அவள் கை ஈரத்துணியோடு கல்லின் அருகே சென்று, தயங்கி, திரும்பி வந்ததைக் கண்டேன்.

சாக்கடையும் ஏரியும்

இடையில் ஒரு நாள் மருமகனும் நானும் கோலாரை அடுத்த ஏரிகளைக் காணச் சென்றோம். அன்பர்கள் சிலர் அறிந்திருப்பீர்கள்: பெங்களூரின் கோரமங்கலா, சல்லகட்டாப் பள்ளத்தாக்குகளில் சேரும் சாக்கடை நீரை ஓரளவு தூய்மை செய்து, வறண்டு கிடந்த கோலார் மாவட்டத்து ஏரிகளில் நிரப்பும் திட்டம் 2018-இல் செயலுக்கு வந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட ஏரிகளுக்கு நாள்தோறும் 44 கோடி லிட்டர் என்பது திட்டத்தின் அளவு. குடிப்பதற்கு அன்று, நிலத்தடி நீரை உயர்த்துவதற்கு.

நாங்கள் கண்ட ஏரியில் நீர் கரையளவு நின்றது. கொக்குகளும் நீர்க்காக்கைகளும் திரிந்தன. கரையிலிருந்த உழவர் ஒருவர், கிணற்றில் நீர் ஊறியதைச் சொல்லி மகிழ்ந்தார். அடுத்தவரோ, "நீர் வந்தது சரி, என்ன நீர் வந்தது?" என்றார். அவர் அச்சம் அடிப்படையற்றது அன்று. திட்டம் தொடங்கிய ஆண்டிலேயே ஏரியில் நுரை பொங்கிற்று. இரண்டு படித் தூய்மையோடு நிறுத்தாமல் மூன்றாம் படியும் வேண்டும் என்று நீதிமன்றம் வரை வழக்குச் சென்றது. என் தொழிலறிவைக் கொண்டு நான் கூறக்கூடியது இதுதான்: நுண்ணுயிர்கள் தம் வேலையை முடிப்பதற்குப் போதிய காலமும் காற்றும் தந்தால் அந்நீர் நன்மை செய்யும், அவசரப்பட்டுத் தள்ளினால், 60 கெண்டைகளுக்கு நேர்ந்ததே ஏரிக்கும் நேரும். கன உலோகங்களை அந்நுண்ணுயிர்களாலும் தின்று தீர்த்துவிட முடியாது என்பதையும் மறக்கலாகாது.

இத்தூய்மை முறைக்கும் பெங்களூருக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. உலகெங்கும் இன்று வழங்கும் 'கிளர்வுற்ற சேற்று முறை'யை 1914-இல் மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்னும் இருவர் வெளியிட்டனர். அவர்களை அவ்வழியில் ஊக்கியவர் கில்பர்ட் பௌலர். அவர் 1916-இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்குப் பேராசிரியராக வந்தார். கழிவிலுள்ள நைட்ரஜனை வீணாக்காமல் நிலத்துக்குத் திருப்பவேண்டும் என்பது அவர் கொள்கை. அது பற்றி 1934-இல் ஒரு நூலும் எழுதினார். மருமகனின் தொட்டி அந்தக் கொள்கையின் மிகச் சிறிய நடைமுறை.

பொற்சுரங்கத்துக்கும் இந்நுண்ணுயிர்களுக்கும் உள்ள உறவையும் அவனுக்குச் சொன்னேன். அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் ஹோம்ஸ்டேக் என்னும் பெரும் பொற்சுரங்கம் இருந்தது. அதன் சயனைடு நீர் கலந்த ஓடை நெடுங்காலம் உயிரற்றுக் கிடந்தது. 1984-இல் அங்கே ஒரு நிலையம் அமைத்தனர். பெரிய உருளைகள் நீரில் பாதி மூழ்கிச் சுழலும். அவற்றின் மேல் படிந்த நுண்ணுயிர்கள் முதலில் சயனைடைச் சிதைக்கும். அப்போது உண்டாகும் அம்மோனியாவை, நம் தொட்டியில் குடியேற்றிய அதே இனத்தார் நைட்ரேட்டாக மாற்றுவர். ஓடையில் மீன் மீண்டும் வாழத் தொடங்கிற்று. அச்சுரங்கமும் தங்கவயல் மூடப்பட்ட மறு ஆண்டிலேயே, 2002-இல், மூடப்பட்டது. மருமகன் சைனைட் மலையைப் பார்த்துக்கொண்டே நெடுநேரம் நடந்தான். "இங்கேயும் செய்யலாம் அல்லவா, மாமா?" என்றான். செய்யலாம், ஆனால் ஒரு தொட்டிக்கு வேண்டியதைப் போலப் பன்மடங்கு பொறுமையும், அரசினரின் மனமும், பெரும்பொருளும் வேண்டும் என்றேன்.

விடைபெற்ற பிறகு

இருபத்தோராம் நாள் நான் புறப்பட்டேன். அன்று அம்மோனியா கால் மில்லிகிராமுக்கு இறங்கியிருந்தது; நைட்ரைட்டோ அட்டையின் உச்சியில் கருத்த ஊதாவாக நின்றது. இதுதான் பலர் பொறுமை இழக்கும் இடம். அம்மோனியா போயிற்றே என்று மீனை விடுவார்கள். நைட்ரைட்டு அவற்றை மாய்த்துவிடும். "ஊதா நிறம் அறவே போகும் வரை மீன் கூடாது. போன பிறகும் ஒரு டஜனுக்கு மேல் கூடாது, அவற்றுக்கு ஏற்ப நுண்ணுயிர்கள் பெருகிய பிறகு மேலும் விடலாம்" என்று சொல்லிவிட்டு வண்டியேறினேன். அத்தான் வாசல் வரை வந்தார். அத்தனை தூரம் நடந்ததற்கே அவருக்கு மூச்சு வாங்கிற்று. "தொட்டியில் காற்று விடும் அந்தக் குழாய் இரவெல்லாம் கொப்பளிக்கிறது, உறக்கம் வராதபோது அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறேன்" என்றார்.

முப்பத்து நான்காம் நாள் அக்காள் தொலைபேசியில் அழைத்தாள். "தம்பி, ஊதா போய்விட்டது. இரண்டு நாளாகப் பார்த்துவிட்டுத்தான் சொல்லுகிறேன்." நாற்பதாம் நாள் 12 கெண்டைக் குஞ்சுகளை விட்டார்கள். இதை எழுதும்போது அவற்றுக்கு வயது எட்டு வாரம் கூடியிருக்கிறது. 12-உம் உயிரோடு இருக்கின்றன. கீரை ஒரு முறை அறுத்தாயிற்று. விற்பதற்கு அன்று, வீட்டுக்கே போதுமான அளவு. மருமகன் இன்னும் காலை வண்டியில்தான் செல்கிறான். இரண்டாவது தொட்டி வைத்து, அதுவும் நிலைத்த பிறகே வேலையை விடுவதாகச் சொல்லியிருக்கிறான். இம்முறை அவசரப்படவில்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை அக்காளோடு பேசினேன். பேச்சின் முடிவில், "அவன் வேலை விஷயம் கேட்டாயா?" என்றாள். இன்னும் கேட்கவில்லை என்று மெய்யைச் சொன்னேன்.

"கேட்டு வை" என்றாள். சிறிது நிறுத்தி, "அவசரம் ஒன்றும் இல்லை" என்றாள்.